ரூபியின் தொண்டையில் இருந்த அப்பா

போன மாதம் தேனியில், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு தள்ளுவண்டியில் திராட்சை வாங்கிக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் வண்டிக்காரர்கள் கூவுவதில்லை, நீங்களும் கவனித்திருப்பீர்கள். வண்டிக் கம்பியில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் தொங்கும். யாரோ என்றைக்கோ கூவிப் பதிந்துவைத்த குரல் அதற்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். "கம்பம் பன்னீர் திராட்ச, கம்பம் பன்னீர் திராட்ச, தின்னு பாத்து வாங்குங்க" என்று இந்த வண்டியில் ஓடியது நல்ல கனத்த குரல். வண்டிக்காரருக்கோ கீச்சுக் குரல். சும்மா இருக்கத் தெரியாத வாய் எனக்கு. "இது உங்க குரல் இல்லபோலயே?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க மச்சான் குரல்க்கா. ஆளு போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு. நானும் என் குரல்ல ஒண்ணு புடிச்சுப் போட்டுப் பாத்தேன், ஒருத்தரும் திரும்பலை. அவன் கூப்புட்டாத்தேன் வாராக" என்றபடி தராசில் இன்னொரு கொத்தை வைத்தார்.

அங்கே நின்றபடிதான் எனக்கு உறைத்தது. செத்துப்போன ஒரு திராட்சை வியாபாரியின் குரல் தேனி வீதியெல்லாம் நடமாடுகிறது. என் அப்பாவின் குரலில் ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. அது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, என் சிநேகிதி ரூபியின் தொண்டையில். அதைக் கொளுத்தவைத்தவள் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை. தீப்பெட்டியோடு, ஜெபத்தோடு, பகல் மூன்று மணிக்கு, வைகை அணைப் பக்கம் நடந்த காரியம் அது.

இந்தக் காலத்தில் ஒரு மனிதரின் குரல் எப்படி மிஞ்சாமல் போகும் என்று கேட்பீர்கள். போகும். அப்பா போனில் பேசினால் "ம்", "சரி", "வை" என்ற மூன்றோடு முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவது அவருக்குத் தனியாகப் பேசிக்கொள்வது மாதிரி; அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பார். அண்ணன் கல்யாண வீடியோவில் ஏழெட்டு இடத்தில் வருகிறார். வாய் அசைகிறது, கை ஆடுகிறது, யாரையோ பந்திக்கு அனுப்புகிறார். ஆனால் மூன்று மணி நேரமும் வீடியோக்காரர் பாட்டைப் போட்டு அமுக்கிவிட்டார். சபையில் ஆராதனையை யூடியூபில் போட ஆரம்பித்தது கொரோனா வந்த பிறகு. அப்பா அதற்கு முந்தின வருடமே போய்விட்டார்.

போடி கடைவீதியில் அவருக்குச் சாக்குக்கடை. அன்று திராட்சை வாங்கிய சணல் பையைக் கையில் பிடித்திருந்தபோது அடியில் சாறு கசிந்து சணல் நனைந்த வாசனை வந்தது. அது போதும், எனக்குக் கடை முழுசாகத் திறந்துகொள்ளும். ஏலக்காய்க்காரர்கள் திருப்பிக் கொடுத்த பழைய சாக்குகளில் ஏலக்காய் மணம் போகாது. மழை நாளில் அந்த மணமும் ஈரச் சணலும் மண்ணெண்ணெயும் கலந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினால் நோட்டும் அப்படியே மணக்கும். கணக்கு டீச்சர் என் நோட்டை மோந்து பார்த்துத்தான் திருத்துவார்.

அப்பா பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். இரண்டு தவணையாக. முதல் செருமல் கொஞ்சம் மேலே, இரண்டாவது கீழே. அது முடிந்தால் பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம். யாராவது விலையைக் குறைக்கச் சொன்னால் செருமிவிட்டு, "அப்படியா சொல்றீக? யோசிப்பம்" என்பார். கேட்டவர் முகம் மலரும். ஒரு சாக்கை மடித்து முடிக்கிற நேரம் விட்டு, அதே குரலில், "யோசிச்சாச்சு. முடியாது" என்பார். கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. கேட்டவர்தான் சிரித்துக்கொண்டு பணத்தை எடுப்பார்.

இதை ரூபி செய்தால் அப்பாவே ஒரு நொடி கல்லாவைத் திரும்பிப் பார்ப்பார்.

ரூபி அடுத்த வீடு. என் வயசு. அவள் அப்பா மலைக்குத் தோட்ட வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். அந்த ஜீப்பின் இரைச்சலில் தொடங்கி, போடிமெட்டு செக்போஸ்ட்டில் மலையாளத்தில் சண்டை பிடிக்கிறவர், பஸ் கண்டக்டர், எங்கள் சபை ஆயர், ஆயரம்மா, காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர் வரை அத்தனை பேரும் அவள் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். வெறும் குரல் மட்டும் இல்லை. அந்த ஆள் அடுத்து என்ன சொல்வாரோ அதையும் சொல்லிவிடுவாள். அவர் சொல்லாததாக இருக்கும், ஆனால் அவர்தான் சொல்லியிருக்க முடியும். அது எப்படி வரும் என்று கேட்டால், "எனக்கென்னடி தெரியும், அவுகளா வந்து பேசிட்டுப் போறாக" என்பாள்.

சாயங்காலம் கடை அடைத்து வந்ததும் அப்பா முற்றத்திலிருந்து கூப்பிடுவார். "ஆத்தா ரூபி, இங்கன வா. என்னைய ஒருக்கா சொல்லு."

"எந்த மாமா வேணும்? கடை மாமாவா, வீட்டு மாமாவா?"

"கடைக்காரன் வேணாம், இப்பத்தான் அவன்கிட்டருந்து தப்பிச்சு வந்தேன். வீட்டுக்காரனச் சொல்லு."

அவள் செருமுவாள், இரண்டு தவணையாக. அம்மா அடுப்படியிலிருந்து "வந்துட்டேங்க" என்று உண்மையிலேயே பதில் கொடுத்துவிட்டு அசடு வழிவாள்.

அறுப்பின் பண்டிகைக்கு ஆராதனை முடிந்து, சபையார் கொண்டுவந்த காய்கறி, கோழி எல்லாம் ஏலம் போகும் இல்லையா? ஒரு வருடம் ஏலம் விடுகிற பெரியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ரூபியை மேசைமேல் ஏற்றினார்கள். மண்டி ஏலக்காரராகவே மாறி ஒரு பூசணிக்காயை ஊரெல்லாம் சுற்ற வைத்தாள். அந்தக் காயை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொந்த அண்ணன் தம்பிகள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கோயில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாவிட்டால் நான் செய்ததன் கனம் உங்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஓர் அத்தை, வீட்டுக்காரர் திடீரென்று இறந்து மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. ஆயர் வந்தார், ஜெபித்தார். பெண்கள் சங்கம் வந்தது, பாடியது. மூன்றாம் நாள் ரூபி காபித் தம்ளரை எடுத்துப் போய் அத்தை முன்னால் வைத்துவிட்டு, அந்த மனிதரின் குரலில், "என்ன மேரி இது, காப்பிக்குச் சீனி போட்டியா, சீனிக்குக் காப்பி போட்டியா?" என்றாள். அத்தை அவளையே பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்தபடியே ஓவென்று அழுதார், அழுது முடித்து இட்லி கேட்டார்.

நானும் அந்த வீட்டில் ஓர் ஓரமாக நின்றிருந்தேன். இழவு வீட்டில் இப்படியா, இவளுக்குப் பயபக்தியே கிடையாதா என்றுதான் எனக்குத் தோன்றியது. என் லட்சணம் அது.

நான் அப்போது எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலாளர். கல்லூரி இரண்டாம் வருடம். கையில் எப்போதும் ஒரு நோட்டு, அதில் மூன்று நிறப் பேனாவால் திட்டங்கள். வாலிபர்கள் கர்த்தர் கொடுத்த நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் பெரிய கவலை. அதற்காக ஓர் அட்டை அச்சடித்தேன். இருபத்து நாலு கட்டம். எந்த மணி நேரத்தை எதற்குச் செலவழித்தோம் என்று ஒவ்வொருவரும் ஒரு வாரம் எழுதித் தர வேண்டும். பையன்கள் எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்து எழுதியது போலக் காலை ஐந்து மணி ஜெபம் என்று எழுதியிருந்தார்கள். ரூபியின் அட்டையில் இருந்தது இதுதான்: "மாலை ஆறிலிருந்து ஏழு: செக்ரட்டரி மாதிரிப் பேசிப் பழகினேன். இன்னும் மூக்கு சரியாக வரவில்லை."

அந்த அட்டையை நான் கிழித்துப் போட்டேன். இப்போது கிடைத்தால் கண்ணாடி போட்டு மாட்டுவேன்.

பிறகு வந்தது அந்த முகாம். வைகை அணைப் பக்கம் ஒரு மண்டபம், மூன்று நாள். வெளியூரிலிருந்து பேர்பெற்ற ஒரு பிரசங்கியாரை நான்தான் கடிதம் மேல் கடிதம் எழுதி வரவழைத்திருந்தேன். தாலந்து உவமைதான் தலைப்பு. எஜமான் கொடுத்ததை மண்ணில் புதைத்தவனைப் பற்றி இரண்டு நாள் பேசினார். நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தி, கண்ணை மூடி, மீதியைக் கிசுகிசுப்பார். நான் நோட்டு நிறைய எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டில் ரூபி எழுந்து நின்றாள். கண்ணை மூடினாள். "பிரியமான வாலிபரே! இந்தச் சாம்பாரிலே ஒரு முருங்கைக்காய் இருந்தது. எஜமான் அதை நம்பி இந்த வாளியிலே விட்டார். அந்த முருங்கைக்காய் என்ன செய்தது தெரியுமா?" நிறுத்தினாள். அப்புறம் கிசுகிசுப்பாக, "அடியில் போய்ப் புதைந்தது."

பந்தி முழுக்கப் புரையேறிச் சிரித்தது. பிரசங்கியார் தட்டோடு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். உதட்டளவில் சிரித்தார். என் பக்கம் வந்து, "தங்கச்சி, அந்தப் பிள்ளைக்காகக் கொஞ்சம் பாரத்தோட ஜெபம் பண்ணுங்க" என்றார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம் ஆண்டவருக்காக என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். இல்லை. நான் அழைத்து வந்த விருந்தாளி முன்னால் என் மானம் போனதற்காக. அதன்மேல் ஆண்டவர் பெயரை ஒட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ரூபியை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துப் போனேன். "ஏன்டி இப்படி மானத்த வாங்குற?"

"அவுகளே சிரிச்சாகள்ல?"

"அது சிரிப்பா? ஆண்டவர் உனக்கு நாக்கக் குடுத்தாரு, நேரத்தக் குடுத்தாரு. நீ அத வச்சு ஊர் ஆளுகளக் கேலி பண்ணிட்டுத் திரியுற. ஒருநாள் கணக்குக் கேப்பாருல்ல?"

"கேக்கட்டும். அவரு குரல்லயே பதில் சொல்லிக்கிறேன்."

எனக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் அடக்கியவற்றில் இன்றுவரை வெட்கப்படுவது அந்தச் சிரிப்புக்குத்தான். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அவள் முகம் மாறியது. முதல் தடவையாக விளையாட்டில்லாத குரலில் கேட்டாள்.

"அப்ப இது வரமில்லங்கிறியா?"

"பாட்டு வரம். ஜெபம் வரம். போதிக்கிறது வரம். இது என்னடி வரம்? வாத்தியார் இல்லாத வகுப்புல பண்ற வேல."

அவள் கீழே கிடந்த வேப்பங்கொட்டையைச் செருப்பால் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் முகாம்களில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் கூட்டத்தில் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுப்பார்கள். எதை விட்டுவிட வேண்டுமோ அதை அதில் எழுதி, வரிசையாகப் போய் நெருப்பில் போட வேண்டும். ஒப்புக்கொடுத்தல் என்று பெயர். பையன்கள் சினிமா, சிகரெட், பெண்பிள்ளைகள் பெயர் என்று எழுதுவார்கள்; ஒரு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலி எண்ணெய் டின் ஒன்றில் சுள்ளி போட்டு மண்டபத்து வாசலில் வைத்திருந்தோம்.

ரூபி வெறும் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "எனக்கு எழுத வரலடி. உனக்குத்தான் தெரியுதே, நீயே எழுது."

எழுதினேன். அழகான கையெழுத்தில், "குரல் எடுப்பது" என்று.

வரிசை நகர்ந்தது. அவள் போட்டாள். அணைப் பக்கமிருந்து காற்று வாரிக்கொண்டு வந்தது. அவள் காகிதம் ஓரம் மட்டும் கருகி டின்னைவிட்டு வெளியே பறந்து, வாசல்படியில் வந்து விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணில் பழைய குறும்பு ஒரு நொடி எட்டிப் பார்த்தது. ஆண்டவரே திருப்பிக் கொடுத்துவிட்டாரே என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். நான் குனிந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். மறுபடி டின்னுக்குள் போட்டு, எரிந்து முடிகிறவரை ஒரு குச்சியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. அவளுக்கு வரவில்லை. விளையாட்டுக்காரி என்று நாங்கள் நினைத்த ஒருத்திதான் அன்றைக்கு நிஜமாகவே ஒப்புக்கொடுத்திருந்தாள்.

அதன்பிறகு அவளைப் பாடகர் குழுவில் சேர்த்தோம். சுதி சேராது, வாயை மட்டும் அசைப்பாள். ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்ல அனுப்பினோம். ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்தேன். கோலியாத்தும் தாவீதும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. அடுத்த மூன்று முகாம்களிலும் அவளைச் சாட்சி சொல்ல வைத்தேன், கேலிக்காரியாய் இருந்தவளை ஆண்டவர் எப்படி மாற்றினார் என்று. எழுதிக் கொடுத்தது நான். எழுதியபடியே ஒப்பித்தாள். வருட அறிக்கையில் அதை என் சாதனையாகப் போட்டுக்கொண்டேன்.

அப்பாதான் முதலில் கேட்டார். முகாம் முடிந்து வந்த சாயங்காலம் வழக்கம்போல் முற்றத்திலிருந்து கூப்பிட்டார். "வேணாம் மாமா, அதெல்லாம் விட்டுட்டேன்" என்று அவள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்பா என் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ளைய என்னத்தடி செஞ்சீக?" என்றார்.

விளக்கினேன். மூன்று நிறப் பேனாவில் எழுதினதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் செருமினார், ஒரு தவணைதான். அப்புறம் பேசவில்லை. அந்தப் பாதிச் செருமலுக்குப் பிறகு என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ரூபிக்குத் தெரிந்திருக்கும்.

அப்பா போன அன்றைக்கு ரூபி கம்பத்திலிருந்து வந்தாள், அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மா சாப்பிட மறுத்து இரண்டு நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். ரூபி அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, மற்ற எல்லோரையும் போலவே, "ஆறுதலா இருங்கம்மா, கர்த்தர் பாத்துக்குவாரு" என்றாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ரூபிக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

திராட்சை வாங்கிய மறு வாரம் கம்பத்துக்குப் போனேன். ரூபி இப்போது பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. வாசலில் "தோத்திரம்" என்று வரவேற்றாள். அவள் மகள் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ரூபி, அப்பாவ ஒருக்கா சொல்லு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். "அதத்தான் விட்டாச்சே. நீதானடி எழுதிக் குடுத்த?"

"நான் எழுதினது தப்பு."

"இப்ப வந்து சொல்லு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். செருமினாள். முதல் தவணை மேலே, இரண்டாவது கீழே. அப்பா அந்தக் கூடத்துக்குள் வந்துவிட்டார். வாயைத் திறந்தாள். வந்தது ரூபியின் குரல். பெண்கள் சங்கத்தில் ஜெபிக்கிற, மேடும் பள்ளமும் இல்லாத அந்தக் குரல். நிறுத்தினாள். மறுபடி செருமினாள். மறுபடி அதேதான். நாலாவது தடவை கண்ணைத் திறந்தாள்.

"செருமல் மட்டும் இருக்குடி. அதுக்குப் பெறகு ஆளக் காணம்."

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "யாரும்மா அது?" என்றது. அந்தப் பிள்ளை தன் தாய் இன்னொருத்தராக மாறிக் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போடியில் அப்பாவின் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எவ்வளவு மூச்சை இழுத்தாலும் பிளாஸ்டிக் வாசனைதான். சீனிப் பேச்சைக் கேட்டுச் சிரித்த அந்த அத்தையும் போய்விட்டார். முகாமும் இப்போது கிடையாது, ஆன்லைனில் நடத்துகிறார்கள். ஒப்புக்கொடுக்க ஒரு பட்டனை அமுக்கினால் போதும். பிரசங்கியாரின் அத்தனை செய்திகளும் யூடியூபில் இருக்கின்றன, எல்லா நிறுத்தங்களோடும், எல்லாக் கிசுகிசுப்போடும். அவர் குரலுக்கு அழிவே இல்லை.

நான் விடுவதாக இல்லை. வரும் சனிக்கிழமை மறுபடி கம்பத்துக்குப் போகிறேன். இந்தத் தடவை அவளைக் கேட்கப் போவதில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து அப்பாவை நான் செய்யப்போகிறேன். எனக்கு அந்த வரம் துளியும் கிடையாது, தெரிந்ததுதான். தப்பும் தவறுமாக, அவளால் காது கொடுத்துக் கேட்க முடியாதபடி, ஒரு மணி நேரமானாலும் சரி, இரண்டு மணி நேரமானாலும் சரி. "ஏ லூசு, அப்படி இல்லடி" என்று அவள் வாயைத் திறக்கிறவரை.

பத்து நாளாகப் பழகுகிறேன். ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்குள், குளிக்கும்போது, மொட்டைமாடியில். நேற்றுக் காலை கூடத்தில் நின்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்க்காமலே கேட்டாள்.

"யாருடி வாசல்ல, தண்ணி லாரிக்காரரா?"